தக்காளிப் பூவை ஆட்ட ரோபோ: ஆரணியில் கணக்கு ஏன் உதைக்குது?

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, டேர்ம் இன்ஷூரன்ஸும் இல்ல. தக்காளிப் பூ. சம்பளத்துல மிச்சம் பிடிச்ச காசை ஊர்ல விவசாயத்துல போடலாமான்னு யோசிக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க. நடுவுல கணக்கு வரும், பயப்பட வேண்டாம். பெருக்கல், வகுத்தல்தான்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணியில சித்தப்பா வீட்டுல இருந்தேன். உள்ளே தறி ஓடுற சத்தம். வெளியே திண்ணையில நானும் என் ஸ்கூல் ஃப்ரெண்டும். அவனுக்கு சிறுசேரியில ஐடி வேலை. போனை நீட்டி, "மச்சான், இதைப் பாரு"ன்னு ஒரு வீடியோ காட்டினான். நீளமான கண்ணாடிக் குடில். தக்காளிச் செடி வரிசைகளுக்கு நடுவுல ஒரு வண்டி தானா நகருது. கேமரா பூவைத் தேடுது. பூ கிடைச்சதும் 'புஸ்'ஸுன்னு காத்து அடிக்குது. அடுத்த பூ. மறுபடி 'புஸ்'.

அவன் திட்டம் இதுதான். ஆரணிக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவுல தாத்தா விட்டுப் போன 40 சென்ட் நிலம் இருக்கு. நாலு பேர் ஆளுக்கு 4 லட்சம் போடணும். 1,000 சதுர மீட்டர்ல பாலிஹவுஸ், தக்காளி. ஆள் பிரச்சினைக்கு ரோபோ. "ஏஐ பார்த்துக்கும்டா, நாம லேப்டாப்ல இருந்தே நடத்தலாம்." அவன் பங்கு 4 லட்சத்துக்கு பெர்சனல் லோன் ஆப்ல பாதி ஃபார்ம் நிரப்பி வெச்சிருந்தான். 14 சதவீத வட்டி, 5 வருஷம். மாசம் 9,307 ரூபாய் ஈஎம்ஐ. மொத்தமா கட்டப்போறது 5.58 லட்சம்.

நான் வேண்டாம்னு சொல்லல. "அந்த ரோபோ என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல பார்த்துடுவோம்"னு மட்டும் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடினதைத்தான் இங்கே எழுதுறேன்.

தக்காளிப் பூவுல ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவுக்குள்ளே இருக்கு. மகரந்தம் ஒரு குட்டிக் குழாய்க்குள்ளே அடைஞ்சு கிடக்கும். குழாய் அதிர்ந்தா உள்ளே இருக்கிற தூள் கொட்டி, சூல்முடியில ஒட்டும், காய் பிடிக்கும். திறந்தவெளித் தோட்டத்துல இந்த வேலையைக் காத்தே பெரும்பாலும் செஞ்சிடும். பாலிஹவுஸ்ல பிளாஸ்டிக் கூரை, சுத்தி பூச்சி வலை. காத்தும் குறைவு, பூச்சியும் வராது. செடி கொழுகொழுன்னு வளரும், பூவும் கொத்துக் கொத்தா வரும், ஆனா காய் பிடிக்காம உதிரும். பூச்சி மருந்துச் செலவைக் குறைக்கப் போட்ட வலை, இந்தப் பக்கம் ஒரு செலவைக் கொண்டு வந்து நிறுத்தும். பாலிஹவுஸ் விக்கிறவங்க கொட்டேஷன்ல இந்த வரி இருக்காது.

ஐரோப்பாவுல 1980கள் வரைக்கும் ஆட்கள் கையில அதிர்வுக் கருவியை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பூங்கொத்தா ஆட்டிக்கிட்டுப் போனாங்க. அப்புறம் பெல்ஜியத்துல ஒரு கால்நடை மருத்துவர், பம்பிள்பீ என்கிற குண்டான தேனீ இந்த வேலையை ரொம்ப நல்லா செய்யுதுன்னு கண்டுபிடிச்சு, 1987-ல கம்பெனியே தொடங்கினார். அது பூவைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு சிறகுத் தசையை மட்டும் அதிரவிடும். மகரந்தம் கொட்டிடும். இன்னைக்கு உலகம் முழுக்க கண்ணாடிக் குடில் தக்காளிக்கு இந்தத் தேனீயைப் பெட்டியில அடைச்சு விக்கிறாங்க. அதாவது, மெஷின் செஞ்ச வேலையை ஒரு பூச்சி பிடுங்கிக்கிச்சு! ரோபோவுக்கு உண்மையான போட்டியாளர் மனுஷன் இல்ல, இந்தத் தேனீப் பெட்டிதான்.

அப்போ ரோபோவை யார் வாங்குவாங்க? தேனீப் பெட்டி கிடைக்காதவங்க. ஆஸ்திரேலியாவின் பெருநிலப்பரப்புல பம்பிள்பீ கிடையாது, வெளியில இருந்து கொண்டுவரவும் அனுமதி இல்ல. அங்கே நியூ சவுத் வேல்ஸ்ல கைரா என்கிற ஊர். கோஸ்டா நிறுவனத்தோட பெரிய தக்காளிக் குடில் இருக்கிற இடம். 2017-ல இஸ்ரேல்ல தொடங்கின அருகா என்கிற நிறுவனத்தோட 'பாலி' ரோபோவை அங்கேதான் இறக்கினாங்க. என் ஃப்ரெண்டு காட்டினது இதே வகை. வரிசைக்கு நடுவுல போட்டிருக்கிற குழாய்த் தண்டவாளத்து மேல போகும். ஏஐயோட வேலை, எந்தப் பூ முழுசா விரிஞ்சு தயாரா இருக்குன்னு கேமரா படத்தை வெச்சுக் கண்டுபிடிக்கிறது. மிச்சம் காத்து அடிக்கிறதுதான்.

இதைவிட வேடிக்கையான முயற்சியும் உண்டு. ஜப்பான்ல எய்ஜிரோ மியாகோ என்கிற விஞ்ஞானி 2017-ல ஒரு குட்டி ட்ரோன் வயித்துல குதிரை முடியை ஒட்டி, அதுல பிசுபிசுன்னு ஒரு ஜெல் தடவி, லில்லிப் பூவுக்கு மகரந்தம் மாத்திக் காட்டினார். 2020-ல சோப்புக் குமிழியில மகரந்தத்தைக் கலந்து பேரி மரத்துப் பூ மேல ஊதினார். படிக்க ஜோரா இருக்கும். உங்க 4 லட்சத்துக்கும் இதுக்கும் இப்போதைக்கு சம்பந்தம் இல்ல.

நம்ம தென்னிந்தியாவுல பம்பிள்பீ இயற்கையா கிடையாது. அது இமயமலைப் பக்கத்து ஜீவன். இமாச்சலத்துல சோலன் பக்கம் நௌனியில இருக்கிற ஒய்.எஸ்.பர்மார் பல்கலைக்கழகத்துல அங்கத்து பம்பிள்பீயை வளர்க்க ஆராய்ச்சி நடந்திருக்கு. நம்ம பக்கம் நீலப்பட்டை போட்ட தேனீயும் கருவண்டும் இதே மாதிரி பூவை அதிர வைக்கும், ஆனா அதைப் பெட்டியில போட்டு யாரும் விக்கல. பெட்டியில கிடைக்கிற நாட்டுத் தேனீ தக்காளிப் பூவை அதிர வைக்காது. அப்போ ஆஸ்திரேலியா மாதிரியே நமக்கும் தேனீப் பெட்டி இல்ல, ரோபோதான் வழின்னு தோணுதா? எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணிச்சு. கணக்குப் போட்டப்பதான் உதைச்சது.

பேப்பர், பேனா எடுங்க. இதுல வர்ற கூலி, விலை எல்லாம் நான் வெச்சுக்கிட்ட எண்ணிக்கை. உங்க ஊர் எண்ணைப் போட்டு மாத்திக்கலாம்.

1,000 சதுர மீட்டருக்கு சுமார் 2,400 தக்காளிச் செடி. ஒரு ஆள் பேட்டரி அதிர்வுக் கருவியோட போனா, செடிக்கு 5 விநாடி. மொத்தம் 12,000 விநாடி, 3 மணி 20 நிமிஷம். அரை நாள் வேலை, 250 ரூபாய்னு வைங்க. தினமும் செய்ய வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். மாசத்துக்கு 15 தடவை, பூக்கிற 5 மாசத்துக்கு 75 தடவை. 75 × 250 = 18,750 ரூபாய்.

இப்போ ரோபோ. 10 லட்சம்னு வைங்க, 5 வருஷம் உழைக்கும்னு வைங்க. தேய்மானம் வருஷத்துக்கு 2 லட்சம். அந்த 10 லட்சத்தை 7 சதவீத எஃப்டியில போட்டிருந்தா வந்திருக்கும் வட்டி 70,000. ஆக வருஷத்துக்கு 2.7 லட்சம். ரிப்பேர், கரன்ட், உதிரி பாகம் வர்றவரைக்கும் சும்மா நிக்கிற நாள் எதையும் சேர்க்கல.

2,70,000-ஐ 18,750-ஆல வகுத்தா 14.4. அதாவது ரோபோவும் கூலியாளும் சமமா வர, 14,400 சதுர மீட்டர், கிட்டத்தட்ட மூணரை ஏக்கர் முழுக்க பிளாஸ்டிக் கூரை போட்டிருக்கணும். அவன்கிட்ட இருக்கிறது 40 சென்ட். 1,000 சதுர மீட்டருக்கே கட்டுப்படியாகணும்னா ரோபோ விலை 70,000 ரூபாய்க்குக் கீழே வரணும்.

இதே கணக்கை கைராவுக்குப் போடுங்க. 2024 ஜூலையில ஆஸ்திரேலியாவுல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.10 டாலரா இருந்தது. ஒரு டாலர் 55 ரூபாய்னு வெச்சா மணிக்கு 1,300 ரூபாய்க்கு மேல. அதே 3 மணி 20 நிமிஷ வேலைக்கு 4,400 ரூபாய். 75 தடவைக்கு 3.3 லட்சம். அங்கே 820 சதுர மீட்டர்லயே, அதாவது 20 சென்ட்லயே, ரோபோ தன் செலவை எடுத்துடும். பூ ஒண்ணுதான், மெஷின் ஒண்ணுதான், மாறினது கூலி மட்டும். அந்த வீடியோ பொய் இல்ல. வேற ஊர்க் கணக்கு, அவ்வளவுதான்.

இதைக் காட்டினதும் என் ஃப்ரெண்டு ஒரு நல்ல கேள்வி கேட்டான். "சரிடா, ஆளே வரலன்னா? ஒரு வாரம் விட்டுப் போச்சுன்னா அந்தக் கொத்தே போயிடுமே." நியாயம். பத்து மணி வெயில்ல பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வேலை செய்ய ஆள் கிடைக்கிறது சுலபம் இல்ல. ரோபோ லீவு போடாது, ஒரு பூவையும் விடாதுன்னே வெச்சுக்குவோம். அதனால காய்ப்பு 15 சதவீதம் கூடுதுன்னும் வெச்சுக்குவோம். ஒரு பருவத்துக்கு 10,000 கிலோ, கிலோ 20 ரூபாய், மொத்த விற்பனை 2 லட்சம். 15 சதவீதம்னா 30,000. கூலி மிச்சத்தையும் சேர்த்தா 48,750. இன்னும் 2.7 லட்சத்துக்கு எட்டல. நல்லா கவனிங்க, மொத்த விற்பனையே ரோபோவோட ஒரு வருஷச் செலவைத் தொடல. தக்காளி 2023 ஜூலையில கிலோ 100 ரூபாயைத் தாண்டினது உண்மை. அந்த மாசத்து விலையை வெச்சு அஞ்சு வருஷ லோன் எடுக்க முடியாது.

இன்னொண்ணும் அதுலயே தெரிஞ்சது. 2 லட்சம் விற்பனையில செலவே கழிக்காம அவன் கால் பங்கு 50,000. அவன் வருஷ ஈஎம்ஐ 1.12 லட்சம். ரோபோவை விடுங்க, லோனே உதைக்குது.

அப்புறம் வெயில். நான் முதல்ல இதைத்தான் பார்த்திருக்கணும். தக்காளி மகரந்தம் சூட்டுக்கு ரொம்ப நாசூக்கு. பகல்ல 35 டிகிரிக்கு மேல, ராத்திரியில 24-க்குக் கீழே இறங்காம இருந்தா, மகரந்தம் வலுவிழந்துடும். கொட்டினாலும் காய் பிடிக்காது. ஈரப்பதம் ரொம்ப கூடினா தூள் கட்டிக்கும், குழாயை விட்டு வெளியவே வராது. கைரா 1,300 மீட்டர் உயரத்துல இருக்கிற குளிர் ஊர், சில வருஷம் பனிகூட விழும். நம்ம பக்கம் மே மாசத்துல டிவியில வேலூர் பேர் எந்த இடத்துல வருதுன்னு உங்களுக்கே தெரியும். பாலிஹவுஸ் உள்ளே அதைவிடச் சூடு. ரோபோ மகரந்தத்தை இடம் மாத்தும். செத்த மகரந்தத்துக்கு உயிர் கொடுக்காது. ஓசூர், தளி, ஊட்டின்னு குளிர்ச்சியான இடங்கள்ல பாலிஹவுஸ் வேகமா பரவினதுக்குப் பின்னாடி இந்தத் தட்பவெப்பமும் இருக்கு.

இவ்வளவும் பேசிக்கிட்டிருந்தப்ப சித்தப்பா தறியில இருந்து எழுந்து வந்தார். வீடியோவைக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்த்தார். "இன்னாடா, இதுவும் பெட்டி தானே"ன்னார். அவர் சொன்னது ஜக்கார்டு பெட்டியை. தறிக்கு மேல உட்கார்ந்திருக்கும், அட்டை மாலை தொங்கும். அட்டையில ஓட்டை இருக்கிற இடத்துல அந்த நூல் மேல தூக்கும், இல்லாத இடத்துல தூக்காது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. இப்படித்தான் புடவையில பூ விழுது. பிரான்ஸ்ல 1804-ல ஜோசப் மேரி ஜக்கார்டு கொண்டு வந்த சங்கதி. கம்ப்யூட்டருக்கு முன்னோடியான தன் இயந்திரத்துக்கு சார்லஸ் பாபேஜ் அட்டை யோசனையை எடுத்ததும் இதுல இருந்துதான். ப்ரோகிராம் போட்டு ஓடுற மெஷின் ஆரணிக்கு ஒண்ணும் புதுசு இல்ல.

"பெட்டி பூவைத் தூக்கும். பாவு நூல் அறுந்தா யார் முடியறது? கைதான்"னார் சித்தப்பா. பிறகு என் ஃப்ரெண்டைப் பார்த்து, "தம்பி, பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி கையில எத்தனை புடவைக்கு ஆர்டர் இருக்குன்னு பார்ப்போம். நீ எத்தனை செடிக்கு வாங்கப் போற?"ன்னார். நான் மூணு பக்கம் எழுதின கணக்கை அவர் ஒரு கேள்வியில முடிச்சிட்டார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது.

அப்போ பாலிஹவுஸே வேண்டாமா? அப்படி இல்ல. மகரந்தச் சேர்க்கையே தேவைப்படாத பயிர் இருக்கு. பாலிஹவுஸ்க்குன்னே வர்ற வெள்ளரி ரகங்கள் மகரந்தம் இல்லாமலே காய்க்கும், விதையும் இருக்காது. ஒரு விதையே சில ரூபாய் ஆகும், உண்மைதான். ஆனா பூவை ஆட்ட ஆளும் வேண்டாம், ரோபோவும் வேண்டாம். சொல்லப்போனா தேனீ உள்ளே வந்தாதான் பிரச்சினை, காய் கோணலாகும். பூச்சி வலை இங்கே செலவு இல்ல, லாபம். குடமிளகாய் நடுவாந்தரம். தன் பூவுலயே சேர்ந்துக்கும், லேசா அசைஞ்சா போதும், ஆனா அதுக்கும் சூடு ஆகாது. முலாம்பழம், பாகல் மாதிரி ஆண் பூ, பெண் பூ தனித்தனியா இருக்கிற பயிரை உள்ளே வெச்சா, காலையில ஒவ்வொரு பூவா கையால தொட்டு வைக்கணும். அல்லது தேனீப் பெட்டி வைக்கணும். கொடுக்கில்லாத கொசுத் தேனீயை நம்ம நாட்டுல பாலிஹவுஸ்ல வெச்சு சோதிச்சிருக்காங்க.

தக்காளிதான்னு பிடிவாதமா இருந்தா, செடியைத் தூக்கிக் கட்டின கம்பியை ஒரு குச்சியால காலையில தட்டிக்கிட்டே போற பழைய முறை இருக்கு. அதிர்வு செடிக்குப் போகும். அந்தக் குச்சிக்கு ஈஎம்ஐ கிடையாது.

மானியம் பத்தி ரெண்டு வரி. பாலிஹவுஸ் போட சதுர மீட்டருக்கு 1,000 ரூபாய்க்கு மேல ஆகும். தோட்டக்கலைத் துறை மூலமா, அரசு நிர்ணயிச்ச செலவுல 50 சதவீதம் மானியம் உண்டு. நீங்க செலவழிச்ச தொகையில பாதின்னு தப்பா நினைச்சுக்காதீங்க. பெரும்பாலும் கட்டி முடிச்சு, அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான் பணம் வரும். அதுவரைக்கும் முழுத் தொகையும் உங்க கையில இருந்து. அந்த இடைவெளிக்குத்தான் நிறைய பேர் பெர்சனல் லோன்ல போய் விழறாங்க.

வரி விஷயம் இன்னும் குழப்பம். "விவசாய வருமானத்துக்கு வரி இல்ல"ன்னு நாலு பேருமே நம்பிக்கிட்டு இருந்தாங்க. வரி இல்லதான். ஆனா சம்பளம் வரி வரம்பைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000 ரூபாயைத் தாண்டினா, ரெண்டையும் கூட்டித்தான் உங்க வரி விகிதத்தைக் கணக்கிடுவாங்க. ரிட்டர்ன்ல காட்டியே ஆகணும். நீங்க ஃப்ரெண்டுக்குக் கடனா கொடுத்து வட்டி வாங்கினா, அவன் தக்காளி போட்டாலும் சரி, தங்கம் வித்தாலும் சரி, அது உங்களுக்கு வட்டி வருமானம். முழு வரி. அதனால நாலு பேர் சேர்றதுக்கு முன்னாடி, யார் குத்தகைதாரர், யார் கடன் கொடுத்தவர், நஷ்டம் வந்தா யாருக்கு எவ்வளவுன்னு பத்திரத்துல எழுதிடுங்க. 2012-ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில காசு போட்டவங்க, கோழி என்ன சாப்பிடும், முட்டையை யார் வாங்குவாங்கன்னு கேட்டிருந்தா பாதிப் பேர் தப்பிச்சிருப்பாங்க. இந்த பாலிஹவுஸை மோசடின்னு நான் சொல்லல. கேட்க வேண்டிய கேள்வி அதே ரகம்.

திண்டுக்கல் பக்கம் ரெட்டியார்சத்திரத்துல இந்தோ-இஸ்ரேல் காய்கறி மகத்துவ மையம் இருக்கு. பாதுகாக்கப்பட்ட சூழல்ல காய்கறி எப்படி வளருதுன்னு நேர்ல பார்க்கலாம். பஸ் டிக்கெட்டும் ஒரு நாள் லீவும்தான் செலவு. 4 லட்சம் போடுறதுக்கு முன்னாடி அதைச் செய்யாம இருக்கக் காரணமே இல்ல.

என் ஃப்ரெண்டு இப்போ என்ன பண்ணியிருக்கான்னா, அதிகபட்சம், குறைந்தபட்சம் ரெண்டையும் காட்டுற ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, தாத்தா நிலத்துக்குப் பக்கத்துல ஒருத்தரோட நிழல்வலைக் குடில்ல கட்டித் தொங்க விட்டிருக்கான். அவங்க அம்மா தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்து வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க. மே மாசம் முடியற வரைக்கும் எடுக்கப்போறாங்களாம். லோன் ஃபார்ம் இன்னும் அந்த ஆப்ல பாதியிலேயே கிடக்கு. நேத்து வந்த மெசேஜ்: "38.4 / 26. வெள்ளரி விதை விலை விசாரிச்சியா?"